ஒற்றைத் தாள்: எங்கள் நகர் நலச் சங்கத்தில் ஏழு ஆண்டுகள்

2017 ஆகஸ்டில் நடந்த எங்கள் நகர் நலச் சங்கத்தின் ஆண்டுப் பொதுக்குழுவுக்குப் பதினான்கு பேர் வந்திருந்தார்கள். நகரில் வீடுகள் 186. பிள்ளையார் கோயிலுக்குப் பின்னால் இருக்கும் தகரக் கொட்டகையில் ஐம்பது நாற்காலி வாடகைக்கு எடுத்துப் போட்டிருந்தோம். கோரம் (கூட்டம் நடத்தக் குறைந்தபட்சம் இருக்க வேண்டிய எண்ணிக்கை) இல்லாததால் கூட்டத்தை ஒத்திவைத்து, அரை மணி நேரம் கழித்து அதே பதினான்கு பேரோடு மறுபடி தொடங்கினோம். எங்கள் விதிகளில் அதற்கு இடம் உண்டு. செயலாளர் பதவிக்கு யார் என்று கேட்டபோது யாரும் வாய் திறக்கவில்லை. ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற தலைவர் என் பக்கம் திரும்பி, "டீச்சர், நீங்க எடுத்துக்கோங்களேன். கணக்கு டீச்சர் கைக்கு வந்தா கணக்காவது நேரா இருக்கும்" என்றார். சரி என்றேன். 2024 ஆகஸ்டு வரைக்கும் அந்தப் பொறுப்பில் இருந்தேன்.

வேளச்சேரி–தாம்பரம் சாலையிலிருந்து ஒரு கிலோமீட்டர் உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் நகர். 80களின் கடைசியில் மனைப்பிரிவு போட்ட இடம். சுற்றிலும் அப்போது வயல்தான் என்பார்கள். நிலம் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைப் பார்த்துச் சரிகிறது. எங்கள் தெருக்களில் பெய்கிற மழை அந்த வழியாகத்தான் வடிய வேண்டும். வடியாவிட்டால் எங்கள் வீட்டுக்குள் வரும். 2015 டிசம்பரில் வந்தது. நான்காம் தெருவில் நான்கு நாள் இடுப்பளவு தண்ணீர் நின்றது. மாடி உள்ள வீடுகளில் பத்துப் பன்னிரண்டு குடும்பங்கள் ஒன்றாகப் பொங்கிச் சாப்பிட்டோம். "இனிமே சங்கத்த பலமா நடத்தணும்" என்று அந்த நான்கு நாளில் சொல்லாதவர் இல்லை. ஒன்றே முக்கால் வருஷம் கழித்துக் கூட்டத்துக்கு வந்தவர்கள் பதினான்கு பேர்.

இன்னொரு விஷயமும் அந்தச் சமயத்தில் சேர்ந்துகொண்டது. நாங்கள் இருப்பது ஊராட்சி. ஊராட்சித் தலைவர், வார்டு உறுப்பினர்களின் பதவிக்காலம் 2016 அக்டோபரோடு முடிந்தது. எங்கள் பகுதிக்கு அடுத்த தேர்தல் நடந்தது 2021 அக்டோபரில். நடுவில் ஐந்து வருஷம் அரசு நியமித்த தனி அலுவலர் நிர்வாகம். தெருவிளக்கு எரியவில்லை என்றால் வீட்டு வாசலில் போய்க் கூப்பிட ஒரு மெம்பர் கிடையாது. எழுதிக் கொண்டுபோய்க் கொடுக்கத்தான் வேண்டும். எழுத ஆள் வேண்டும், எழுதினதற்கு நகல் வைத்துக்கொள்ள ஒரு ஃபைல் வேண்டும். சங்கத்துக்கு நிஜமாகவே வேலை வந்த காலம் அது.

பொறுப்பேற்ற முதல் மாதம் வங்கியில் கையெழுத்து மாற்றப் போனேன். நிர்வாகிகள் மாறியதைப் பதிவாளரிடம் தெரிவித்ததற்கு ஆதாரம் கேட்டார்கள். பழைய பெட்டியைக் கிளறிப் பார்த்தால், நான்கு வருஷமாக மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் எதையுமே தாக்கல் செய்யவில்லை. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன்கீழ் ஒரு சங்கத்தைத் தொடங்க ஏழு பேர் போதும். தொடங்குவது சுலபம். அதற்கப்புறம் வருஷா வருஷம் பொதுக்குழு கூட்டி, தணிக்கை செய்த கணக்கையும் நிர்வாகிகள் பட்டியலையும் பதிவாளருக்குக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். விட்டுப்போனால் உடனே யாரும் வந்து கேட்க மாட்டார்கள். வங்கிக் கணக்கை மாற்றும்போதோ, கோர்ட்டுக்குப் போக வேண்டி வரும்போதோதான் அது நம் கழுத்தைப் பிடிக்கும். ஒரு தணிக்கையாளரைப் பிடித்து நான்கு வருஷக் கணக்கையும் சேர்த்துச் சரிசெய்து, தாமதத்துக்கான கட்டணத்தையும் கட்டி முடிக்க ஐந்து மாதம் ஆனது. உங்கள் சங்கத்தில் புதிதாகப் பொறுப்புக்கு வருகிறீர்கள் என்றால் முதல் வேலையாகப் பதிவாளர் ஃபைலைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். மாலை மரியாதையெல்லாம் அப்புறம் இருக்கட்டும்.

ஒற்றைத் தாள் யோசனை அந்த ஐந்து மாதத்தில்தான் வந்தது.

எங்களுக்கு ஒரு வாட்ஸப் குழு இருந்தது, நூற்று நாற்பது பேர். காலை வணக்கம், மூலிகை வைத்தியம், நடுநடுவே "நாளைக்கு ரெண்டாம் தெருவத் தோண்டப் போறாங்களாம்" என்று ஒரு தகவல். யார் சொன்னது, எப்போது என்று கேட்டால் பதில் வராது. சங்கம் உண்மையிலேயே ஒரு செய்தி போட்டால், அரை மணி நேரத்தில் இருபது வணக்கங்களுக்குக் கீழே போய்விடும். வயதானவர்களில் பாதிப் பேரிடம் அந்த போனே இல்லை. அதனால் மாதம் ஒரு ஏ4 தாள், இரண்டு பக்கமும் அச்சிட்டு, முதல் ஞாயிற்றுக்கிழமை வீடு வீடாகக் கொடுப்பது என்று செயற்குழுவில் தீர்மானம் போட்டோம். பஸ் நிறுத்தத்துக்கு எதிரே இருக்கும் ஜெராக்ஸ் கடையில் இருநூறு பிரதி எடுத்தோம்.

தாளில் முதலில் வர வேண்டியது கணக்கு என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். சென்ற மாத இருப்பு, வரவு, செலவு, இந்த மாத இருப்பு. காவலாளி சம்பளம் எவ்வளவு, பல்ப் எத்தனை வாங்கினோம், எந்தக் கடையில், ரசீது எண் என்ன என்பது வரைக்கும் போட்டோம். ஐந்நூறு ரூபாய்க்கு மேல் எந்தச் செலவானாலும் காசோலைதான், அதில் இரண்டு கையெழுத்து. தலைவருக்கு இது கொஞ்சம் மனத்தாங்கல்தான். "நம்ம மேல நம்பிக்கை இல்லயா டீச்சர்?" என்றார். நம்பிக்கை கெட்டுப்போகாமல் இருக்கத்தான் சார் இது என்று சொன்னேன். மாதச் சந்தா ஐம்பது ரூபாய். அப்போது கொடுத்துக்கொண்டிருந்தவை நாற்பது வீடுகள். முதல் மூன்று தாள் போனதும் எழுபது வீடுகளுக்கு மேல் கொடுத்தார்கள். புதிதாக நாங்கள் எதுவும் கேட்கவில்லை. பணம் எங்கே போகிறது என்று தெரிந்தது, அவ்வளவுதான்.

அந்த உற்சாகத்தில் ஒரு தப்பு செய்தேன். நான்காவது தாளில் சந்தா பாக்கி வைத்திருந்தவர்களின் கதவு எண்களையும் பெயர்களையும் பட்டியலாகப் போட்டேன். செயற்குழுவில் இரண்டு பேர் வேண்டாம் என்றார்கள். நான் கேட்கவில்லை. அன்று சாயங்காலம் ஐந்தாம் தெருவில் தனியாக இருக்கும் ஒரு பாட்டி எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தார். வெயில் தாழாத நேரம், செருப்புகூடப் போடவில்லை. முந்தானையில் முடிந்து வைத்திருந்த பணத்தை அவிழ்த்து, ஐம்பதும் நூறுமாக அறுநூறு ரூபாயை என் கையில் எண்ணி வைத்தார். "பையன் அனுப்பறது இந்த வருஷம் முன்னப் பின்ன ஆயிடிச்சும்மா. கீரக்காரம்மா வந்து ஏன் பாட்டி உன் பேரு பேப்பர்ல வந்திருக்குன்னு கேக்கறா" என்றார். கோபமாகப் பேசியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். அவர் ரசீது கேட்டார். எழுதிக் கொடுத்தேன். என் கையெழுத்து கோணலாக விழுந்தது.

அடுத்த தாளில் முதல் வரியாக மன்னிப்புக் கேட்டோம். அதற்குப் பிறகு பெயர் போட்டதே இல்லை. தெருவாரியாக எண்ணிக்கை மட்டும் போடுவோம்: இரண்டாம் தெரு, 31-இல் 24; மூன்றாம் தெரு, 38-இல் 22. தெருக்காரர்களே ஒருவருக்கொருவர் நினைவுபடுத்திக்கொண்டார்கள். கஷ்டத்தில் இருப்பவர் யாரிடமும் விளக்கம் சொல்ல வேண்டி வரவில்லை. பாக்கிப் பட்டியலை நோட்டீஸ் போர்டில் ஒட்டுகிற சங்கங்களை இப்போதும் பார்க்கிறேன். பணம் வசூலாகலாம். ஆனால் அந்த வீட்டு மனிதர்கள் அதற்கப்புறம் கூட்டத்துக்கு வர மாட்டார்கள், நாம் கூப்பிட்டாலும் வர மாட்டார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

தாளின் இரண்டாவது பகுதி மனுக்கள். என்ன கேட்டோம், எந்தத் தேதியில், ஒப்புகை எண் என்ன, இன்றைய நிலை என்ன. இதில் நாங்கள் கற்றுக்கொண்டது ஒன்று உண்டு. ஒரு மனுவில் ஒரே விஷயம்தான் இருக்க வேண்டும். ஆரம்பத்தில் தெருவிளக்கு, குப்பை, நாய்த் தொல்லை, சாலைப் பள்ளம் என்று எட்டுக் கோரிக்கைகளை ஒரே தாளில் எழுதிக் கொடுப்போம். அது எந்த மேசைக்குப் போவது என்று தெரியாமல் முதல் மேசையிலேயே கிடக்கும். தனித்தனி மனுவாக, மின்கம்பத்தின் எண்ணைக் குறிப்பிட்டு, பள்ளத்துக்கு நேரே உள்ள கதவு எண்ணைக் குறிப்பிட்டுக் கொடுத்த பிறகு வேலை நடந்தது. நகலில் முத்திரை வாங்காமல் திரும்பி வரக்கூடாது.

மூன்றாவது பகுதி நகர்ச் செய்திகள். பிறப்பு, இறப்பு, பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளைகள், காணாமல் போன சாவிக்கொத்து, யார் வீட்டில் ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி இருக்கிறது என்பது வரை. பலர் இந்தப் பகுதியைத்தான் முதலில் படித்தார்கள். அதனால் குறை ஒன்றுமில்லை. படித்துவிட்டுத் தாளைத் திருப்பினால் மனுக்கள் இருக்கும்.

2019 கோடையை இங்கே சொல்ல வேண்டும். பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் வற்றி, ஜூலை 12-ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு ரயிலில் இருபத்தைந்து லட்சம் லிட்டர் தண்ணீர் வந்த கோடை. எங்களுக்கு லாரித் தண்ணீருக்குப் பத்து நாள் காத்திருப்பு. முதல் தெருவில் ஒரு பழைய உறைகிணறு உண்டு. அதில் கயிறு விட்டு, தரையிலிருந்து தண்ணீர் எத்தனை அடியில் இருக்கிறது என்று ஒவ்வொரு மாதமும் அளந்து தாளில் போடத் தொடங்கினோம். ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் பையன் ஒருவன் அந்த வேலையை எடுத்துக்கொண்டான். மழைநீர் சேகரிப்பு 2003-இலேயே தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாகிவிட்டது. ஆகவே எங்கள் நகரில் அநேகமாக எல்லா வீட்டிலும் தொட்டி இருந்தது. வீடு வீடாகப் போய் மூடியைத் திறந்து பார்த்ததில், பெரும்பாலானவற்றில் ஜல்லிக்கு மேல் ஒரு சாண் மண் படிந்து இறுகியிருந்தது. மொட்டைமாடிக் குழாயைக் கழற்றித் தெருவில் விட்டிருந்தார்கள் சிலர். ஜல்லியையும் மணலையும் வெளியே எடுத்து, கழுவி, திரும்பப் போட ஒரு வீட்டுக்கு அரை நாள் வேலை. புரட்டாசி முடிவதற்குள் செய்துவிட வேண்டும். அந்த வருஷம் 60 வீடுகளுக்கு மேல் செய்தார்கள். ஐப்பசி மழைக்கப்புறம் கிணற்று அளவு மாதா மாதம் ஏறியதைத் தாளில் பார்த்து, மற்றவர்கள் அடுத்த வருஷம் தாங்களாகவே ஆள் கூப்பிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை வேலைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. "அனைவரும் திரளாக வாரீர்" என்று போட்டால் ஐந்து பேர்தான் வருவார்கள், அதே ஐந்து பேர். அதையே, "சார், உங்க வீட்ல கடப்பாரை இருக்கு. ஏழு மணிக்கு மூணாம் தெரு முனைக்கு எடுத்துட்டு வாங்க, ஒன்பது மணிக்கு முடிஞ்சிடும்" என்று நேரில் போய்ச் சொன்னால் வருகிறார். என்ன வேலை, எத்தனை நேரம் என்று தெரிந்தால் மனிதர்கள் மறுப்பதில்லை. ஒன்பது மணி என்றால் ஒன்பது மணிக்கு டீ கொடுத்து அனுப்பிவிட வேண்டும், வேலை பாதியில் நின்றாலும்.

இப்போது நான்காம் தெருத் தண்ணீர் வடிகிற கால்வாயில் இருக்கும் சிறுபாலத்துக்கு வருகிறேன். இந்த ஏழு வருஷத்தில் எனக்கு மிகவும் பெரியதாகத் தோன்றுவது அதுதான்.

தாள் தொடங்கியபோது வீட்டு உரிமையாளர்களுக்கு மட்டும்தான் கொடுத்தோம். சங்கத்தில் உறுப்பினர் அவர்கள்தானே. இரண்டாவது மாதம், நான்காம் தெருவில் ஒரு வீட்டின் மாடிக்குக் கொடுத்துவிட்டு இறங்கி வருகிறேன். கீழ்ப் பகுதியில் குடியிருக்கும் பெண் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். "டீச்சர், எங்களுக்கு இல்லையா? நாங்க வாடகைதான். ஆனா தண்ணி வந்தா மொதல்ல எங்க வீட்லதான் வரும்" என்றார். கையில் மிச்சம் இருந்த ஒரு தாளைக் கொடுத்தேன். வீட்டுக்கு வரும்வரை அந்த வார்த்தை மனசைவிட்டுப் போகவில்லை. 2015-இல் மாடி வீட்டுக்காரர்கள் தப்பித்தார்கள். கீழ்வீட்டில் பாதிப் பேர் வாடகைக்காரர்கள். அடுத்த மாதம் 260 பிரதி எடுத்தோம். அதற்கடுத்த பொதுக்குழுவில் விதியைத் திருத்தி, வாடகைக்கு இருப்பவர்களை இணை உறுப்பினர்களாகச் சேர்த்தோம். சொத்து சம்பந்தப்பட்ட தீர்மானங்களில் மட்டும் அவர்களுக்கு ஓட்டு இல்லை. சில உரிமையாளர்கள் முணுமுணுத்தார்கள். என்னைக் கேட்டால், அந்தத் திருத்தம் பத்து வருஷம் முன்னாலேயே வந்திருக்க வேண்டும்.

அந்தப் பெண்ணின் கணவர் கொத்தனார். 2021 நவம்பரில் தொடர்ந்து மழை கொட்டிய வாரம், நான்காம் தெருவில் மறுபடி தண்ணீர் நின்றது. நாங்கள் வழக்கம்போல மழைக்கு முன்பே தூர் வாரியிருந்தோம். சிலாப்புகளை நெம்பித் தூக்கி, சேறு, தென்னை மட்டை, பால் கவர் எல்லாம் அள்ளிப் போட்டு முடித்திருந்தோம். ஆனாலும் நின்றது. தாளில், "தூர் வாரியும் தண்ணீர் வடியவில்லை, காரணம் தெரியவில்லை" என்று எழுதினோம். அடுத்த நாள் காலை கொத்தனார் வந்தார். "டீச்சர், நீங்க எத்தன தடவ வாரினாலும் நிக்கத்தான் செய்யும். பாலம் மேட்டுல கெடக்கு" என்றார். எப்படித் தெரியும் என்று கேட்டேன். "பாத்தாலே தெரியுது. அளந்து காட்டறேன்" என்றார்.

மழை விட்ட ஞாயிற்றுக்கிழமை டியூப் லெவலோடு வந்தார். கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்கும் பதினைந்து மீட்டர் பிளாஸ்டிக் டியூப். உள்ளே தண்ணீர். நடுவில் ஒரு காற்றுக் குமிழிகூட இருக்கக்கூடாது என்று டியூபை இரண்டு மூன்று தடவை உயர்த்தித் தாழ்த்திப் பார்த்தார். ஒரு நுனியை நான்காம் தெரு முனை வீட்டுக் காம்பவுண்டுச் சுவரில் அவர் பிடித்துக்கொண்டார். இன்னொரு நுனியைக் கிணறு அளக்கும் பையன் அடுத்த வீட்டுச் சுவரில் பிடித்தான். தண்ணீர் ஆடி அடங்கும்வரை இருவரும் பேசவில்லை. "நின்னுடிச்சா? அசையாதே" என்று சொல்லிவிட்டு, இரண்டு பக்கமும் காதில் செருகியிருந்த பென்சிலால் கோடு போட்டார். இப்படியே சுவர் சுவராக நகர்ந்து ஐந்து தடவையில் சிறுபாலம் வரை போனார்கள். எல்லாக் கோடும் ஒரே மட்டம். அப்புறம் டேப்பை எடுத்து, கோட்டிலிருந்து கால்வாயின் அடிவரை அளந்தார். தெரு முனையில் மூன்று அடி எட்டு அங்குலம். பாலத்தடியில் மூன்று அடி மூன்று அங்குலம். பாலத்தின் தளம் ஐந்து அங்குலம் மேலே நிற்கிறது. ஐந்து அங்குலத் தண்ணீர் தெருவில் தேங்கி நிரம்பின பிறகுதான் பாலத்துக்குள் போகவே தொடங்கும். இவ்வளவு வருஷமாக நாங்கள் சேறு அள்ளிக்கொண்டிருந்தது அந்த ஐந்து அங்குலத்துக்குக் கீழே.

முப்பது வருஷம் கணக்குப் பாடம் நடத்தியவள் நான். அன்று அந்தச் சுவரோரம் நின்று ஒரு மாணவியைப் போலப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவரும் ஆறு வருஷமாக எங்கள் நகரில்தான் இருந்திருக்கிறார். அவரிடம் யாரும் கேட்டதில்லை. கேட்பதற்கான வழியே சங்கத்தில் இருந்ததில்லை.

அளவுகளை ஒரு படமாக வரைந்து அடுத்த தாளின் பின்பக்கம் முழுக்கப் போட்டோம். தேர்தல் முடிந்து ஊராட்சிக்குத் தலைவரும் வந்திருந்தார். 2022 மே 1 கிராம சபைக்கு எங்கள் நகரிலிருந்து நாற்பத்தியிரண்டு பேர் போனோம். கிராம சபை ஆண்டுக்கு ஆறு நாள் நடக்கிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. நகராட்சி, மாநகராட்சி என்றால் பகுதி சபை உண்டு. புறநகரில் இருக்கிறவர்கள் பலர் கிராம சபை என்றால் தங்களுக்கு இல்லை என்று நினைக்கிறார்கள். ஊராட்சிக்கு உட்பட்டிருந்தால் அது உங்கள் சபைதான், வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் பேசலாம். சத்தம் போட்டால் அன்றோடு மறந்துபோகும். தீர்மானப் புத்தகத்தில் ஏறினால் நிற்கும். படத்தைக் கொடுத்து, தீர்மானத்தின் வாசகத்தையும் எழுதியே கொண்டுபோயிருந்தோம்: இன்ன இடத்துச் சிறுபாலத்தின் தளத்தை இன்ன அளவுக்குத் தாழ்த்திக் கட்ட வேண்டும். கொத்தனாரே எழுந்து நின்று விளக்கினார். முதலில் குரல் நடுங்கியது. அளவைச் சொல்லத் தொடங்கியதும் நேரானது. ஊராட்சி ஒன்றியத்திலிருந்து பொறியாளர் கருவியோடு வந்து பார்த்தார். அவருடைய அளவுக்கும் டியூப் அளவுக்கும் அரை அங்குலம்தான் வித்தியாசம்.

வேலை முடிய ஒரு வருஷம் ஆனது. மாதா மாதம் தாளில் ஒரே ஒரு வரி: சிறுபாலம், தீர்மான எண், நிலை. மதிப்பீடு தயாராகிறது, ஒப்புதலுக்குப் போயிருக்கிறது, டெண்டர். பன்னிரண்டு மாதம் அந்த வரியை விடாமல் போட்டதால்தான் எங்கள் ஆட்களும் விடாமல் கேட்டார்கள். 2023 கோடையில் பழைய தளத்தை உடைத்துத் தாழ்த்திக் கட்டினார்கள்.

அந்த டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. 3-ஆம் தேதி இரவும் 4-ஆம் தேதி முழுவதும் மழை ஓயவில்லை. நான்காம் தெருவில் முழங்கால் அளவு ஏறியது. இரண்டு வீடுகளுக்குள்ளும் தண்ணீர் போனது, அதை மறைக்க மாட்டேன். ஆனால் 5-ஆம் தேதி இரவு தெரு தரை தெரிந்தது. 2015-இல் நான்கு நாள். அந்த மழை வேறு, இந்த மழை வேறு, அதனால் முழுப் பெருமையையும் பாலத்துக்கே கொடுத்துவிட முடியாது. ஆனாலும் கீழ்வீட்டுப் பெண் இந்தத் தடவை பீரோவை மேலே ஏற்றவில்லை. கரண்ட் வந்ததும் எனக்கு போன் போட்டு முதலில் சொன்னது அதைத்தான்.

பூங்கா விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பல நகர்களில் இதே சிக்கல் இருக்கிறது. சென்னைப் பெருநகர் எல்லைக்குள் பத்தாயிரம் சதுர மீட்டருக்கு மேல் மனைப்பிரிவு போட்டால் பத்து சதவீதத்தைத் திறந்தவெளிக்கு ஒதுக்கி உள்ளாட்சிக்குத் தானமாகக் கொடுக்க வேண்டும். எங்களுக்கும் அப்படி ஒரு இடம் உண்டு. அதில் ஒரு மூலையை ஒருவர் வேலி போட்டுச் செங்கல் அடுக்கி வைத்திருந்தார். "என் மனையைச் சேர்ந்தது" என்றார். எங்களிடமும் காகிதம் இல்லை. வாக்குவாதத்தை நிறுத்திவிட்டு, தகவல் பெறும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தோடு மனுப் போட்டோம். ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை என்று கேட்கவில்லை. கேட்டது மூன்றே மூன்று ஆவணங்கள்: அங்கீகரிக்கப்பட்ட மனைப்பிரிவு வரைபடத்தின் நகல், தானப் பத்திரத்தின் நகல், புல வரைபடத்தின் நகல். ஆவணத்தைக் கேட்டால் கொடுத்துத்தான் ஆக வேண்டும், காரணத்தைக் கேட்டால் சுற்றலில் விடலாம். முப்பது நாளைக்குள் வந்தது. வரைபடத்தை எடுத்துக்கொண்டு நானும் தலைவரும் அவர் வீட்டுக்கே போய்க் காபி குடித்துக்கொண்டே காட்டினோம். அவருக்கு மனை விற்றவர் தவறான எல்லையைக் காட்டியிருக்கிறார். மூன்று வாரத்தில் வேலியை எடுத்துவிட்டார். அவருடைய பெயரைத் தாளில் போடவில்லை. இப்போது அந்த மூலையில் அவர் நட்ட இரண்டு புங்கைகள் நிற்கின்றன.

சங்கம் கட்சிப் பக்கம் சாயக்கூடாது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. 2021 தேர்தலில் எங்களிடம் வந்த எல்லா வேட்பாளருக்கும் ஒரே ஐந்து கேள்விகளைக் கொடுத்து, வந்த பதில்களை அப்படியே அச்சிட்டோம். வாட்ஸப் குழுவை இப்போதும் வைத்திருக்கிறோம், அவசரத்துக்கு மட்டும். ஊரடங்கு மாதங்களில் தாள் கொடுக்க முடியாதபோது அதுதான் கைகொடுத்தது. தனியாக இருக்கும் முதியவர்களின் மருந்துச் சீட்டுகளை வாங்கி வந்தது, அந்தக் குழுவில் வேறு பேச்சே வேண்டாம் என்று கட்டுப்பாடு வைத்திருந்த இளைஞர்கள்தான்.

2024 ஆகஸ்டு பொதுக்குழுவுக்குத் தொண்ணூற்றாறு பேர் வந்தார்கள், நாற்காலி போதவில்லை. புதிய செயலாளர் மூன்றாம் தெருவில் இருக்கும் இளம்பெண், வங்கியில் வேலை. அவரிடம் ஒரு இரும்புப் பெட்டியை ஒப்படைத்தேன். பதிவாளர் ஃபைல், மினிட் புத்தகம், பாஸ்புக், காசோலைப் புத்தகம், மனு நகல்கள் நான்கு ஃபைல், மனைப்பிரிவு வரைபடம், எண்பத்தொரு தாள்களின் ஒவ்வொரு பிரதி. ஒவ்வொன்றாக எண்ணி, பட்டியலில் இருவரும் கையெழுத்துப் போட்டோம்.

கொத்தனாரின் பென்சில் கோடுகளை அழிக்க வேண்டாம் என்று அந்த ஐந்து வீட்டுக்காரர்களிடமும் சொல்லியிருக்கிறோம். ஒருவர் சுவருக்கு வர்ணம் அடித்தபோது கோட்டுக்கு மேல் ஆணி அடித்து வைத்துவிட்டு அடித்தார். தெற்கே காலியாகக் கிடந்த இரண்டு மனைகளில் இப்போது மண்ணைக் கொட்டி உயர்த்துகிறார்கள். அந்தப் பக்கத் தண்ணீரும் இனி நான்காம் தெருவுக்குத்தான் வரும். புரட்டாசிக்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை மறுபடி அளக்க வேண்டும். டியூபைக் கொத்தனார் எடுத்து வைத்திருக்கிறார். இன்னொரு நுனியைப் பிடிக்க, இப்போது கல்லூரிக்குப் போகும் அந்தப் பையனிடம் தேதி கேட்டிருக்கிறேன்.